பங்குனி ஆமைக் கரையில் ஐந்து நாள்

முதல் நாள் (மார்ச் 23, மண்டபம் – பாம்பன்)

ஆமை பார்க்க வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நேரே தனுஷ்கோடிக்குப் போய் நிற்பது. பொழுது சாய்ந்ததும் சோதனைச் சாவடியில் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருட்டில் அந்தக் கரையில் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள்: எத்தனை பேர், எந்தத் தேதிகள், என்ன வேலை செய்வீர்கள். 'சும்மா பார்க்க' என்ற கடிதத்தை விட 'பதிவேடு எழுத உதவுவோம்' என்ற கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

இந்த முறை அந்தப் பதிவேட்டு வேலைக்கு வந்திருப்பவர் ஒரு டீச்சர். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்து ஓய்வுபெற்றவர். கணவர் ஐப்பசியில் தவறிவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் உயிருள்ள எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருஷம் வளர்த்த பூனையைக்கூடப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டார். ஊர் பெயர், ஆள் பெயர் இந்தக் குறிப்புகளில் வராது.

எடுத்துவர வேண்டியவை: சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு ஒட்டிய டார்ச், தையற்காரர் டேப், மண்ணில் குத்தும் தெர்மாமீட்டர், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கை சட்டை. கொசுத் தைலமும் வாசனை எண்ணெயும் வேண்டாம். முட்டை ஓட்டில் நுண்ணிய துளைகள் உண்டு, அதன் வழியாகத்தான் கரு மூச்சு விடுகிறது. கையில் பூசியது அங்கே போய் அடைக்கும்.

மண்டபத்திலிருந்து ரயிலில் வந்தால் கடலைத் தாண்டுவது புதிய பாம்பன் பாலத்தில். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே நேராக மேலே போகும். பழைய பாலம் 1914-இல் திறந்தது. அதன் நடுத்துண்டு இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் மேலே தூக்கிக்கொண்டது, ஆட்களே கையால் சுற்றித் திறந்தார்கள். 1964 புயலில் பாலம் சிதைந்தபோது 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். அதே புயலில் போன தனுஷ்கோடித் தண்டவாளத்தை யாரும் திரும்பப் போடவில்லை.

ராமேஸ்வரம் தீவின் வடக்கே பாக் நீரிணை, பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். ஒரு பக்கம் குளம் மாதிரி கிடக்கும்போது மறுபக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும். காற்று திரும்பினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்.

சாயங்காலம் டீச்சரிடம் பதிவேட்டைக் கொடுத்தோம். கூட்டு எண், எடுத்த தேதி, எடுத்த இடம், முட்டை எண்ணிக்கை, புதைத்த நேரம், பொரித்த தேதி, கடலில் விட்டது, பொரிக்காதது என்று கட்டங்கள். புரட்டிப் பார்த்தவர், "வருகைப் பதிவேடு மாதிரிதான் இருக்கு. ஆனா கோடு நேரா இல்லை" என்று சொல்லிவிட்டு அடிக்கோலைத் தேடினார்.

இரண்டாம் நாள் (மார்ச் 24, கூடு எடுத்தல்)

அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். சூரியன் வந்துவிட்டால் காற்று தடத்தை அழித்துவிடும். அதற்கு முன்பே நாய் வந்துவிடும்.

இந்தக் கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி). தை பிறந்ததிலிருந்து வரத்து இருந்தாலும் பெயர் பங்குனிக்குத்தான். பேராமையும் அழுங்காமையும் இந்தக் கடலில் உண்டு, கரையேறுவது அரிது. பங்குனி ஆமை ஏறக்குறைய 40 கிலோ இருக்கும், ஓடு இரண்டடிக்குச் சற்று மேல். துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து ஏறுவதால் தடம் டிராக்டர் சக்கரம் போன பாதை போல இருக்கும். இடது வலது அச்சுகள் ஒன்றுக்கொன்று எதிராக அமையாமல் முன்பின்னாக விழும். பேராமை இரண்டு துடுப்பையும் ஒரே நேரத்தில் ஊன்றும், அதன் அச்சுகள் ஜோடி ஜோடியாக இருக்கும்.

ஒரு ஆமைக்கு இரண்டு தடம், ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று. எது எது என்று கண்டுபிடிக்க மணல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். துடுப்பு மணலைப் பின்னால் தள்ளும். கடல் பக்கம் தள்ளியிருந்தால் ஏறிய தடம். இரண்டும் சேரும் இடத்தில் மணல் வட்டமாகக் கலைந்து, மேலே அடித்துச் சமப்படுத்தியது போல இருந்தால் கூடு உண்டு. முட்டையிட்டு மூடியதும் உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கிப் போட்டு மணலைக் கெட்டிக்கும் பழக்கம் இந்த இனத்துக்கு உண்டு. கலைசல் இல்லாமல் தடம் வளைந்து திரும்பியிருந்தால் வெறும் தடம். வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ விரட்டியிருக்கும்.

இன்று ஐந்து கிலோமீட்டர் நடையில் மூன்று தடம். இரண்டு வெறுந்தடம்.

மூன்றாவதில் கூடு இருந்தது, ஆனால் அலை எட்டும் கோட்டுக்குக் கீழே. அந்த இடத்தில் விட்டால் அடுத்த பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் புகுந்து கரு மூச்சு முட்டிச் சாகும். எடுத்தே ஆக வேண்டிய கூடு. பாதுகாப்பான மேட்டில் இருக்கும் கூட்டை இடம் மாற்றாமல் விடுவதுதான் நல்லது. ஆனால் நாய்களும் திருட்டும் உள்ள கரையில் அப்படி விட முடிவதில்லை, பெரும்பாலும் எல்லாமே, முட்டைகளை வேலிக்குள் புதைத்துக் காக்கும் பொரிப்பகத்துக்குத்தான் போகின்றன. எடுப்பதால் ஏற்படும் சேதம் கொஞ்சமாவது உண்டு என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

கூட்டின் வாயைக் கண்டுபிடிக்க அனுபவசாலிகள் மெல்லிய கம்பைச் செருகுவார்கள். கெட்டி மணலில் தடுத்து வரும் கம்பு, கூட்டின் கழுத்தில் சட்டென்று இறங்கும். அங்கேயே நிறுத்த வேண்டும். அரை அங்குலம் அதிகம் போனால் முட்டை உடையும். உடைந்த ஒன்று எறும்பைக் கூப்பிடும், பூஞ்சை பிடிக்கும், பக்கத்து முட்டைகளும் கெடும். கை பழகாதவர்கள் கம்பைத் தொடவே கூடாது. உள்ளங்கையால் தட்டிப் பார்த்து, மெத்தென்று இருக்கும் இடத்தில் விரலால் தோண்டினால் போதும்.

நேரக் கணக்குதான் இதில் முக்கியம். முட்டையிட்ட ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துப் புதைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கரு மேல்பக்க ஓட்டின் உட்புறத்தில் ஒட்டத் தொடங்கும். ஒட்டிய பின் முட்டையை உருட்டினால் கரு கிழிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஐம்பது நாள் காத்திருந்த பிறகுதான் தெரியும். தாமதமாகக் கிடைத்த கூடு என்றால் ஒவ்வொரு முட்டையின் தலையிலும் பென்சிலால் புள்ளி வைத்து, அதே பக்கம் மேலே இருக்கும்படி எடுத்து, அப்படியே வைக்க வேண்டும்.

துணிப்பையில் கூட்டின் அடி ஈரமணலை இரண்டு கை போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினோம். ஓடு கோழிமுட்டை போலக் கெட்டியாக இருக்காது, தோல் பந்து போல அமுங்கும். எண்ணியவர் டீச்சர். 114. பத்துக்கு ஒரு சிப்பி என்று மணலில் வைத்துக்கொண்டே வந்ததால் கணக்கு தவறவில்லை. பையை பைக்கில் தொங்கவிடக் கூடாது, ஜீப்பில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வழி முழுக்க டீச்சர் இரண்டு கையாலும் பையைத் தாங்கியபடி வந்தார்.

பொரிப்பகத்தில் புதுக்குழி: ஆழம் 45 சென்டிமீட்டர், கழுத்து 20, அடி 30. குடுவை வடிவம். தாய் ஆமை பின்துடுப்பால் செய்வதைக் கையால் செய்கிறோம். காய்ந்த மேல்மணலை முதலில் அகலமாக ஒதுக்காவிட்டால் அது குழிக்குள் சரிந்துகொண்டே இருக்கும். கைமுட்டிக்கு மேல் இறங்கியதும் அடியைப் பக்கவாட்டில் குடைய வேண்டும். பழகாதவர்கள் நேர்க்குழியாகத் தோண்டிவிடுவார்கள். அப்போது முட்டைகளுக்கு இடையே காற்று குறைந்து, நடுவில் உள்ளவை சாகும். முட்டைகளை வைத்து, முதலில் ஈரமணல், பிறகு காய்ந்த மணல். மிதிக்கக் கூடாது, கையால் மெல்ல அழுத்தினால் போதும். கூட்டுக்குக் கூடு ஒரு மீட்டர் இடைவெளி. சுற்றிலும் கம்பிவலை வளையம், அதுவும் அரையடி மணலுக்குள் புதைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நண்டு அடியில் குழி பறித்து வந்துவிடும்.

கூட்டு எண் 61. புதைத்த நேரம் 6.10.

"எப்ப பொரிக்கும்?" என்று டீச்சர் கேட்டார்.

"நாப்பத்தஞ்சுல இருந்து அம்பத்தஞ்சு நாளு டீச்சரம்மா. அது மனசு வைக்கணும்" என்றார் பொரிப்பகக் காவலர்.

மூன்றாம் நாள் (மார்ச் 25, பொரித்தல்)

நேற்று மதியமே 14-ஆம் கூட்டில் மணல் ஒரு கைப்பிடி அளவு உள்வாங்கியிருந்தது. பிப்ரவரி 5-இல் புதைத்தது. குஞ்சுகள் ஓட்டை உடைத்ததும் முட்டைக்குள் இருந்த திரவம் வடிந்து இடம் காலியாகும், மேல்மணல் இறங்கும். அப்போதே தோண்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தோண்டக் கூடாது. அவை இரண்டு மூன்று நாள் உள்ளேயே இருந்து, வயிற்றில் ஒட்டியுள்ள மஞ்சள்கருவை இழுத்துக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கூட்டமாக மேலே வரும். தனியாக எடுத்துவிட்ட குஞ்சுக்கு அந்தச் சேமிப்பு முடிந்திருக்காது.

மேல்மணல் குளிரும்வரை காத்திருக்கும். அதனால்தான் இரவில் வருகின்றன. இன்று அதிகாலை நான்கு மணிக்கு முதல் மூக்கு. பத்து நிமிஷத்தில் பானை பொங்கியது போல வெளியே கொட்டிவிட்டன.

எண்ணிக் கூடையில் போட்டோம், 101. ஈரத்துணி விரித்த கூடைதான் வேண்டும், தண்ணீர்த் தொட்டி கூடாது. பிறந்த முதல் ஒரு நாளுக்கு வெறிபிடித்தது போல நீந்தும் வேகம் அவற்றுக்கு உண்டு. கரையோர மீன்களைத் தாண்டி ஆழத்துக்குப் போக அதுதான் எரிபொருள். தொட்டியில் போட்டால் அந்த வேகத்தைத் தொட்டியிலேயே செலவழித்துவிடும். விடியட்டும், விருந்தினர் வரட்டும், போட்டோ எடுக்கலாம் என்று காலை எட்டு மணிவரை வைத்திருந்து விடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது விழா. ஆமைக்கு அதனால் நஷ்டம் மட்டுமே.

விடும் முறை: நேற்று விட்ட இடத்தில் இன்று விடக் கூடாது. மீன்கள் இடத்தைப் பழகிக்கொள்ளும். ஈர மணலிலிருந்து பத்து மீட்டர் மேலே ஓர் அகலமான பாதையைப் பலகையால் இழுத்துச் சமமாக்க வேண்டும். நம் கால்தடம் ஒன்று நான்கு சென்டிமீட்டர் குஞ்சுக்குக் கிணறு, விழுந்தால் மல்லாந்துவிடும். ஆட்கள் எல்லோரும் பின்னால் நிற்க வேண்டும், கடல் பக்கம் ஒருவரும் போகக் கூடாது. அலையில் திரும்பி வரும் குஞ்சு காலடியில் மாட்டும், இருட்டில் தெரியாது. டார்ச், போன் எல்லாம் அணைக்க வேண்டும். குஞ்சு எது வெளிச்சமோ அங்கே போகும். விளக்கில்லாத கரையில் வெளிச்சம் கடலின் மேல்தான். சாலை விளக்கு இருந்தால் தார்ச்சாலையில் போய்க் காயும்.

கையில் எடுத்துத் தண்ணீரில் விடாதீர்கள். இந்தப் பத்து மீட்டர் நடையில்தான் பிறந்த கரை அதன் நினைவில் பதிகிறது என்று கரையில் வேலை செய்பவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். வளர்ந்த பெண் ஆமைகள் பிறந்த பகுதிக்கே திரும்பி வந்து முட்டையிடுகின்றன என்பது தெரிந்த உண்மை.

ஒன்று மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. டீச்சர் குனிந்தார். "தொடாதீங்க டீச்சரம்மா, அது மூச்சு வாங்குது" என்றார் காவலர். இரண்டு நிமிஷம். அப்புறம் போயிற்று.

101 என்று 'கடலில் விட்டது' கட்டத்தில் எழுதியவர், அடுத்த கட்டத்தைத் தேடினார். "இதுக்கு மேல?"

"அதோட முடிஞ்சுது."

"எத்தனை பிழைக்கும்?"

ஆயிரத்துக்கு ஒன்று என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வளர்ந்து முட்டையிட வருவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். டீச்சர் மனக்கணக்காகவே சொன்னார்: "அப்ப பத்துக் கூட்டுக்கு ஒண்ணு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எட்டாவது முடிச்சு டி.சி. குடுத்தா நம்ம பதிவேடும் அங்கதான் முடியும்" என்றார்.

நான்காம் நாள் (மார்ச் 26, அழிந்த ஊர்)

பகல் வேலை குறைவு. தனுஷ்கோடி இடிபாடுகளையும், நிலம் முடியும் இடமான அரிச்சல்முனையையும் பார்க்க அரைநாள் போதும். ராமேஸ்வரத்திலிருந்து முனைவரை தார்ச்சாலை இருக்கிறது. காலை ஏழு மணிக்கு முன் போனால் கூட்டம் இல்லை, வெயிலும் இல்லை. நிழல் எங்கேயும் கிடையாது.

தேவாலயம், ரயில் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் வெறும் சுவர்களாக நிற்கின்றன. சுவர்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், கல்லில் பூ மாதிரி வரிகள் தெரியும். பவளக்கல். இந்தத் தீவுச் சுற்றில் அந்தக் காலத்தில் கட்டடக் கல்லே அதுதான். தொட்டுப் பார்க்கலாம், பெயர்த்து எடுக்கக் கூடாது. பெயர் எழுதுகிற புண்ணியவான்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சென்னையிலிருந்து வரும் போட் மெயில் இங்கே வந்து நிற்கும். இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். 1914 முதல் 1964 வரை ஐம்பது வருஷம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், ஊருக்குள் நுழையும் முன்பே கடலலையில் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. அதன்பின் மக்கள் வாழத் தகாத ஊர் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள். மணலில் முழங்கால் ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். இரண்டு கடலுக்கு நடுவே அது எப்படி என்று கேட்பார்கள். மழைநீர் கனம் குறைந்தது, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ கீழேயுள்ள உப்பு மேலே வந்துவிடும். அதனால் சின்னக் குழி, சிரட்டை, பொறுமை.

பள்ளிக்கூடச் சுவருக்குள் டீச்சர் சற்று நேரம் நின்றார். கரும்பலகை எந்தச் சுவரில் இருந்திருக்கும் என்று ஜன்னல்களின் திசையை வைத்துக் கண்டுபிடித்தார். வெளிச்சம் பிள்ளைகளுக்கு இடப்பக்கத்திலிருந்து வர வேண்டுமாம், எழுதும் கையின் நிழல் நோட்டில் விழாமல்.

திரும்பும் வழியில், தென்கரையில் செத்த ஆமை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. பெண். கழுத்து வீங்கி, கண் பிதுங்கியிருந்தது. இழுவலையில் மாட்டியவை பெரும்பாலும் இப்படித்தான் ஒதுங்கும். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலை மணிக்கணக்கில் தண்ணீருக்கடியில் இழுபட்டால் மூழ்கிச் சாகும். வலையின் நடுவே சாய்வாகக் கம்பிச் சட்டமும் மேலே ஒரு திறப்பும் வைத்தால் ஆமை வெளியேறிவிடும், மீன் உள்ளே போகும். திறப்பு வழியே கொஞ்சம் மீனும் போகும் என்பதால் படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் அவர்களின் வயிற்றுப்பாடு, அதை ஏளனம் செய்து ஒன்றும் ஆகாது. ஆனால் 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

செத்த ஆமையைக் கண்டால்: ஓட்டின் வளைவோடு டேப் வைத்து முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை நீளம் எடுங்கள். வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆண், குட்டையாக இருந்தால் பெண். இடம், தேதி, காயம் எழுதுங்கள். ஓட்டில் பெயின்ட் குறி போட்டால் நாளை வேறொருவர் இதையே மறுபடி எண்ண மாட்டார். பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது முதல் அட்டவணை உயிரினம், ஓட்டையோ எலும்பையோ நினைவுக்கு எடுத்துப் போனால் குற்றம்.

69 சென்டிமீட்டர். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் டீச்சர். பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை. கடைசிப் பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டார்.

ஐந்தாம் நாள் (மார்ச் 27, கணக்கு முடித்தல்)

குஞ்சு வெளிவந்து 48 மணி நேரம் கழித்துக் கூட்டைத் தோண்டிப் பார்க்க வேண்டும். முன்னால் தோண்டினால் இன்னும் ஏறிவரும் குஞ்சுகளுக்குத் தொந்தரவு. ரொம்பப் பின்னால் தோண்டினால் நாற்றமும் புழுவும், ஒன்றும் பிரித்தறிய முடியாது. கையுறை, ஒரு பழைய சாக்கு, மூக்குக்குத் துணி.

பாதிக்கு மேல் முழுதாக இருக்கும் ஓட்டை மட்டும் ஒன்றாக எண்ணுங்கள். துண்டுகளை எண்ணினால் கணக்கு பெருகும். 14-ஆம் கூட்டில் வெறும் ஓடு 106. அடியில் உயிரோடு சிக்கியிருந்தவை இரண்டு, கழுத்தில் செத்தவை மூன்று. ஆக 101 + 2 + 3, சரி. பொரிக்காத முட்டை 12. அவற்றைப் பிளந்து பார்த்தால் ஏழில் கருவே தெரியவில்லை, மூன்றில் கரு பாதியில் நின்றிருந்தது, இரண்டு மூக்கால் ஓட்டைக் கீறிய நிலையில் செத்திருந்தன. 118 முட்டைக்கு 106 பொரித்தது, 89.8 சதவீதம். நல்ல கூடு.

இந்தப் பிரிப்பு ஏன் என்றால், தவறு எங்கே நடந்தது என்பதை இதுதான் சொல்லும். கரு தெரியாதவை அதிகமானால் கருவுறாமல் இருந்திருக்கலாம், அல்லது எடுத்துவந்த நேரத்தில் உருட்டியிருப்போம். பாதியில் நின்றவை அதிகமானால் சூடு அல்லது தண்ணீர். கீறிவிட்டுச் செத்தவை அதிகமானால் மேல்மணல் இறுகியிருக்கிறது, யாரோ மிதித்திருக்கிறார்கள்.

சூட்டுக் கணக்கு தனி. 29 டிகிரிக்கும் 31 டிகிரிக்கும் இடையில் எங்கோ ஆணும் பெண்ணும் சமமாக வரும் புள்ளி இருக்கிறது. அதற்கு மேல் போனால் பெண் குஞ்சு, கீழே போனால் ஆண். அதைத் தீர்மானிப்பது பொரிகாலத்தின் நடு மூன்றிலொரு பங்கு. 34, 35-ஐத் தாண்டி நீடித்தால் சாவு. இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, கூட்டு ஆழத்தில் 32.4. பங்குனியிலேயே இப்படி. 61-ஆம் கூட்டின் நடுக்காலம் பெரும்பாலும் சித்திரை வெயிலில் விழும். அதனால் நிழல்வலையை இரண்டு மடிப்பாக்கி, தலைக்கு மேல் நான்கடி உயரத்தில் கட்டினோம். தாழ்வாகக் கட்டினால் காற்று ஓடாமல் புழுங்கும். தண்ணீர் தெளிப்பதாக இருந்தால் மாலையில், நல்ல தண்ணீர், கை தெளிப்பு மட்டும். குடம் குடமாக ஊற்றிக் கூட்டை மூழ்கடித்த கதைகள் உண்டு. அடுத்த பருவத்துக்கு முன் மணலையே மாற்ற வேண்டும், பழைய மணலில் பூஞ்சை தங்கும்.

அடியில் சிக்கிய இரண்டையும் ஈரத்துணியில் நிழலில் வைத்திருந்து, அந்தி சாய்ந்த பிறகு விட்டோம். 101-ஐ அடித்து 103 ஆக்கினார் டீச்சர். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டார். பிறகு 61-ஆம் வரிசைக்குப் போய், 'பொரித்த தேதி' கட்டத்தில் 'மே 8 – 18' என்று பென்சிலால் எழுதினார். பேனாவை நீட்டிய காவலரிடம் வேண்டாமென்று தலையசைத்தார்.

இரவு ரயிலுக்கு ராமேஸ்வரம் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது டீச்சர் போனில் பேசியது காதில் விழுந்தது. "சாப்பிடுதா? ... மீன் தலையை அப்படியே போடாதீங்க, முள்ளு தொண்டையில மாட்டும். வேக வெச்சு, பிசைஞ்சு, முள்ளெடுத்துட்டு வைங்க. ... ஆமா, நாளைக்குக் காலையில வந்துடுவேன்."